பின்பக்கக் கூரையில் சூரியன்

சூரியனுக்குத் தமிழில் எத்தனை பெயர் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வேன். ஞாயிறு, பரிதி, கதிரவன், ஆதவன், பகலவன், வெய்யோன், எல்லோன். கடைசிப் பெயரைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகத்தில் லேசாக ஒரு மரியாதை வரும். எனக்கு மரியாதை கிடைக்கும் இடங்கள் குறைவு என்பதால் நான் அந்த வாய்ப்பை விடுவதில்லை. ஆனால் அதே சூரியனைப் பிடித்து ஒரு வாளி தண்ணீரைச் சூடாக்கித் தரக்கூடிய நம்பகமான ஆள் யார் என்பது எண்பதுகளின் பிற்பகுதியில் எனக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்று தெளிவாகச் சொன்ன ஒருவரையும் நான் நம்பவில்லை.

நாங்கள் அப்போது கிள்ளானில் ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், வரிசை வீடு ஒன்றில் குடியிருந்தோம். நான் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. என் மனைவி தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. காலை ஏழரைக்கெல்லாம் அவள் கரும்பலகை முன் நின்று 'அ' போட வேண்டும். அதற்குக் கை சுழல வேண்டும், விரல் வளைய வேண்டும். நாற்பதைத் தாண்டிய வருஷம் அவளுக்கு முடக்குவாதம் வந்தது. பகல் ஏற ஏற விரல்கள் மனிதர் சொன்னபடி கேட்கும். விடியற்காலையில் மட்டும் ரப்பர் கையுறையில் காற்றடைத்து வைத்த மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும்.

மருத்துவர் ஒளிவு மறைவில்லாதவர். "இது போகிற நோய் இல்லை. மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும். காலையில் எழுந்ததும் ரெண்டு கையையும் நல்ல சூடான தண்ணியில அரைமணி நேரம் வைங்க. விரல் இளகும். இளகுற வரைக்கும் வேலைக்குப் போகலாம்" என்றார். அதாவது வெந்நீர் இருக்கும்வரை அவள் ஆசிரியை. அவளுக்கு அந்த வேலை சம்பளத்துக்காக மட்டும் என்று சொன்னால் அவளுடைய பழைய மாணவர்கள் என்னை வழியில் மறித்து அடிப்பார்கள்.

வெந்நீர் போடும் பொறுப்பை நான் ஏற்றேன். அதுவரை எனக்கும் சமையலறைக்கும் இருந்த உறவு, வாசலில் நின்று "காப்பி ஆச்சா?" என்று கேட்பதோடு சரி. சில வாரங்கள் ஒழுங்காகப் போயின. பிறகு ஒரு நாள், கொதிக்கும் பானையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு நடக்கையில் அதில் பாதியை என் இடது காலிலேயே ஊற்றிக்கொண்டேன். நான் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்க, வளையாத விரல்களால் அவள் எனக்கு மருந்து தடவினாள். யாருக்கு வைத்தியம் என்று ஆரம்பித்து யாருக்கு முடிந்தது, பாருங்கள். கால் ஆறியதும் அவள் தீர்ப்புச் சொன்னாள்.

"இனிமே நீங்க அடுப்புப் பக்கம் வரக்கூடாது."

"அப்ப வெந்நி?"

"வேணாம். பச்சைத் தண்ணியிலயே வச்சுக்கிறேன்."

பானையை அவளால் தூக்க முடியாது. குழாயைத் திறந்தால் வெந்நீர் வர வேண்டும். அதற்குக் குளியலறையில் மாட்டும் மின்சார ஹீட்டர் எல்லாக் கடையிலும் கிடைத்தது. ஆனால் எங்கள் வரிசையில், நான்கு வீடு தள்ளி, ஓர் இளைஞர் அப்படி ஒரு ஹீட்டரின் கீழ் குளித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கி இறந்துபோனார். அந்த வாரமே வரிசை முழுவதும் ஹீட்டர்கள் கழன்றன. என் மனைவி அன்று முழுவதும் அந்தப் பையனின் தாயார் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தவள். எங்கள் வீட்டுத் தண்ணீருக்குள் மின்சாரம் வராது என்று அன்றே முடிவாகிவிட்டது.

மிச்சம் இருந்தது சூரியன். பெட்டாலிங் ஜெயா பக்கம் பஸ்ஸில் போகும்போது பங்களாக் கூரைகளில் கறுப்புத் தகடு ஒன்று சாய்ந்து கிடப்பதையும், அதன் தலைமாட்டில் ஓர் உருளைத் தொட்டி இருப்பதையும் பார்த்திருக்கிறேன். சோலார் ஹீட்டர் என்றார்கள். தகட்டில் வெயில் படும், உள்ளே தண்ணீர் சூடாகித் தொட்டிக்கு ஏறும், தொட்டி அந்தச் சூட்டைக் காலைவரை காத்து வைத்திருக்கும். இதைப் பற்றி நூலகத்தில் இரண்டு ஆங்கிலப் புத்தகங்கள் படித்தேன். படித்தது பெரும்பாலும் புரிந்தது. எனக்குப் புரிந்த விஷயங்கள் ஒருபோதும் எனக்கு உதவியதில்லை என்பதை அப்போது நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

முதலில் வந்தவர் ஸ்ரீ கெம்பாங்கானில் பட்டறை வைத்திருந்த ஒரு சீனர். ஏணியோடு வந்தார், வணக்கம் சொல்லவில்லை, நேரே கூரைமேல் ஏறினார். இறங்கி வந்து மலாயிலும் ஆங்கிலத்திலுமாகப் பேசினார். அவர் பேச்சில் முக்கியமான சொற்கள் இரண்டே. 'போலே' என்றால் முடியும். 'தா போலே' என்றால் முடியாது. எங்கள் ஊர்க் குழந்தைகள் அம்மா என்ற சொல்லுக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொள்பவை இவை.

"போஸ், முன்பக்கக் கூரை போலே. நல்ல வெயில். பின்பக்கம் தா போலே. அங்கே பார்" என்று கையைக் காட்டினார். அவருக்கு எல்லாரும் 'போஸ்', அதாவது முதலாளி. பின்சந்துக்கு அப்பால், பின்வரிசை வீட்டுக்காரர் சமையலறைக்கு மேல் ஒரு மாடி எழுப்பியிருந்தார். மத்தியானத்துக்கு மேல் அதன் நிழல் எங்கள் பின்பக்கக் கூரையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும்.

என் மனைவி என் காதருகே வந்தாள். "முன்பக்கம்னா சாமி அறைக்கு மேலங்க."

அது உண்மை. முன்னறையின் ஓரத்தில் தடுத்து எடுத்த சின்ன அறையில் எங்கள் சாமி படங்கள் இருந்தன. அவற்றின் தலைக்கு நேர்மேலேதான் அவர் காட்டிய இடம்.

"நாம குளிக்கிற தண்ணியை சாமி தலைக்கு மேல கொண்டு போய் வைப்பாங்களா?" என்றாள்.

நான் பகுத்தறிவுவாதி. ஆனால் என் பகுத்தறிவு அலுவலக நேரத்தில் மட்டும் வேலை செய்வது. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆகவே சங்கடத்தை மலாயில் மொழிபெயர்த்துச் சொன்னேன். சீனர் சாமி அறைக்குள் எட்டிப் பார்த்தார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். பிறகு, யோசித்தே சொன்னார்.

"சாமி சின்னது. நகர்த்தலாம். கூரை பெருசு. நகர்த்த முடியாது."

என் மனைவியின் முகத்தைப் பார்த்ததும், இவர் கதை முடிந்தது என்று தெரிந்துவிட்டது. இருந்தாலும் மிச்சத்தையும் கேட்டேன். மழை மாதங்களில்? தொட்டிக்குள் மின்சாரக் கம்பி ஒன்று போட வேண்டும் என்றார். மின்சாரம் வேண்டாமே? தா போலே. தீபாவளிக்குள் முடியுமா? தா போலே. ஏணியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எதைக் கேட்டாலும் முடியாது. தன் வேலைமீதே இவ்வளவு நம்பிக்கையில்லாத ஒரு மனிதரை நாம் எப்படி நம்புவது என்று இருவரும் பேசிக்கொண்டோம்.

இரண்டாமவரை ஒரு கல்யாணப் பந்தியில் கண்டெடுத்தேன். என் பக்கத்து இலை. பரிமாறுகிறவர் "சோறு பத்துமாண்ணே?" என்று கேட்டதற்கு, "போடுங்க, செஞ்சிரலாம்" என்றார். அவர் சோலார் மாட்டுகிறவர் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. நம்மாளு. என் மனைவியின் விரல் விஷயத்தைச் சொன்னேன். பாயசத்தை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டார். அப்படிக் கேட்டவர்கள் அதுவரை ஒருவரும் இல்லை, நான் எழுதும் நகைச்சுவைக் கட்டுரைகளின் வாசகர்கள் உட்பட.

அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தார். செருப்பை வெளிக்கேட்டிலேயே விட்டார். நேரே சாமி அறைக்குப் போய்க் கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு, அண்ணாந்து பார்த்தார்.

"இதுக்கு மேலயா வைக்கச் சொன்னாங்க? பாவம்லா, டீச்சர்."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இவர்தான் நமக்கு ஆள் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

"பின்பக்கம் வைக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"செஞ்சிரலாம்."

"கரண்டு இல்லாம?"

"செஞ்சிரலாம், டீச்சர்."

"தீபாவளிக்குள்ள?"

"அதுக்கு முன்னாடியே செஞ்சிரலாம்."

படித்தவன் என்ற முறையில் நானும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. "பின்வீட்டு மாடி நிழல் விழுதே?"

அவர் என் தோளைத் தட்டாத குறையாகச் சிரித்தார். "நிழல் வரும் போகும், சார். சூரியன் எங்க போயிரும்?"

இரண்டு புத்தகங்களிலும் இதற்குப் பதில் இல்லை.

இருந்தாலும் நான் ஏமாளி இல்லை என்று காட்டிக்கொள்வதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வேலையைக் கொடுக்கும் முன், அந்த ஆள் ஏற்கெனவே மாட்டிக்கொடுத்த வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். கேட்டதும் தயங்காமல் சாலாக் செலாத்தானில் ஒரு வீட்டு விலாசம் கொடுத்தார். அந்தத் தயங்காமையே எனக்குப் பாதி சான்றிதழாகிவிட்டது.

ஞாயிறு காலை என் பழைய காரில் போனோம். வீட்டுக்காரர் ஒரு பட்டறை மேலாளர். உட்கார வைத்தார். அவர் மனைவி மைலோ கலக்கிக் கொண்டுவந்தார், தட்டில் முறுக்கு வந்தது. பசியாறிவிட்டோம் என்றோம், அது யார் காதிலும் விழவில்லை. எந்த ஊர்ப் பக்கம், எந்த எஸ்டேட்டில் பிறந்தது, யாருக்கு யார் சொந்தம் என்பதெல்லாம் முடிந்தபிறகு நான் மெல்ல சோலாரைப் பற்றிக் கேட்டேன். அவர் தன் மனைவியை ஒரு முறை பார்த்தார். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார்.

"வேணாம், சார்."

"என்ன வேணாம்?"

"சோலார். மத்தியானம் சூடா வரும், நல்லாவே வரும். மத்தியானம் யாருக்கு சார் வெந்நி வேணும்? காலையில பார்த்தா ஆறிப்போய்க் கிடக்கும். நாங்க மரத்தடியில வைக்கச் சொன்னோம், அவரும் சரின்னாரு. எதுக்கும் சரிம்பாரு."

"ஆள் எப்படி?"

"ஆள் தங்கம், சார். கோல் பண்ணா உடனே வர்றேன்னு சொல்வாரு."

"வருவாரா?"

"சொல்வாரு."

கிளம்பும்போது அந்த அம்மாள் என் மனைவிக்குக் குங்குமம் கொடுத்தார். காரில் ஏறிப் பெரிய சாலைக்கு வந்தோம்.

"சோபா புதுசு, பார்த்தீங்களா?" என்றாள் அவள்.

"பார்த்தேன்."

"டிவியும் பெருசு."

"ம்."

"குறை சொல்றவங்க குழாயைத் திறந்து காட்டியிருக்கலாம்ல?"

நாம் கேட்கவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒருவர் தன்னிடம் உள்ள பொருளைப் பற்றி நம்மிடம் "வேண்டாம்" என்றால், அதை நாங்கள் பொருளைப் பற்றிய செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை. சொன்னவரைப் பற்றிய செய்தியாக எடுத்துக்கொள்வோம். நிலம் வாங்கியவர் நிலம் வேண்டாம் என்பார். மகனை டாக்டருக்குப் படிக்க வைத்தவர், டாக்டர் படிப்பு மகா கஷ்டம், உங்க பையனுக்கு ஆகாது என்பார். தாமானில் கூரைமேல் தகடு வைத்திருக்கும் ஒரே தமிழ் வீடு என்பது சின்ன விஷயமா? அதை இன்னொருவருக்கு அவ்வளவு லேசில் விட்டுக்கொடுப்பார்களா?

"நமக்கும் வந்துட்டா அவங்களுக்கு என்ன பெருமை?" என்றாள்.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். கைப்பையை விரலால் பிடிக்க முடியாமல் முழங்கை மடிப்பில் மாட்டி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். அவள் மனசுக்குள் அந்தக் குழாய் ஏற்கெனவே திறந்து, வெந்நீர் கொட்ட ஆரம்பித்திருந்தது. அதைப் போய் மூடுகிற தைரியம் எனக்கு இல்லை.

"பொறாமைதான்" என்றேன்.

சொன்னபடியே, தீபாவளிக்கு முந்தின வாரம் நம்மாளு வந்து மாட்டினார். இரண்டு ஆட்கள், ஒரு லோரி, ஏகப்பட்ட கயிறு. பின்பக்கக் கூரையில் கறுப்புத் தகடும் தொட்டியும் உட்கார்ந்தபோது பின்சந்தில் ஒரு சின்னக் கூட்டம் நின்று பார்த்தது. எங்கள் வரிசையில் அது முதலாவது. என் நடையில் அன்று கொஞ்சம் மாற்றம் இருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு நாள் வெயில் காயட்டும் என்றார். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு என் மனைவி குழாயைத் திறந்தாள்.

வெந்நீர். ஆவி வந்தது. வாளியில் பிடித்து இரண்டு கைகளையும் அமிழ்த்திக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் கைப்பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து வந்து, சமையலறைச் சிமெண்டுத் தரையில் குனிந்து பெரிதாக ஒரு 'அ' போட்டாள். எழுத்து எங்கேயும் நடுங்கவில்லை. முதல் நாள் பள்ளிக்கு வந்தவனைப் போல நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பலகாரம் சுட வேண்டும் என்று அவள் சொல்லும்வரை அதை யாரும் மிதிக்காமல் சுற்றி நடந்தோம்.

மறுநாள் விடியற்காலை குழாயைத் திறந்தோம். வந்ததை வெந்நீர் என்று சொல்ல முடியாது. பச்சைத் தண்ணீர் என்றும் சொல்ல முடியாது. முந்தின நாள் வெயிலை லேசாக ஞாபகம் வைத்திருந்த ஒரு நீர். அவள் வாளியில் பிடித்துக் கைகளை வைத்துக்கொண்டு முழு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் வாசலில் நின்றேன்.

"எப்படி இருக்கு?"

"பரவாயில்லங்க."

அந்தப் பரவாயில்லையை அவள் பல மாதம் சொன்னாள்.

போன் செய்தேன். வால்வு மாற்றினால் சரியாகும் என்றார். எப்போது? "நாளைக்கே செஞ்சிரலாம், சார்." அந்த நாளை பல வாரம் வரவில்லை. கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தார். வால்வு கொண்டுவரவில்லை. ஒரு குடும்பத்தைக் கூட்டி வந்திருந்தார். அவர்களுக்கும் சோலார் வேண்டுமாம், மாட்டிய வீட்டைப் பார்க்க வேண்டுமாம். குழாயைத் திறந்து காட்டினார். மணி இரண்டு, பின்வீட்டு நிழல் அப்போதுதான் கூரை விளிம்பைத் தொட ஆரம்பித்திருந்தது. வெந்நீர் ஆவியோடு கொட்டியது. வந்த குடும்பத்து அம்மாள் கையை வைத்துப் பார்த்து "அப்பா" என்று இழுத்துக்கொண்டார். வாசலில் நான் நம்மாளை மடக்கினேன்.

"வால்வு?"

"அடுத்த தடவை வரும்போது, சார்."

அடுத்த தடவை என்பது அடுத்த குடும்பத்தோடு வரும் சனிக்கிழமை என்பதையும், அவர் யாரையும் மத்தியானம் அல்லாத நேரத்தில் கூட்டி வருவதில்லை என்பதையும் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று. இதற்கிடையில் மழை மாதம் வந்தது. மத்தியானச் சூடும் போனது.

பள்ளியில் அவள் கையிலிருந்து சாக்பீஸ் நழுவி விழும். எடுத்துத் தர முதல் வரிசையில் போட்டி நடக்கும், இருவர் தலை முட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து இதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். ஒரு கட்டத்தில் சொல்வதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் நகைச்சுவை என் துறை. அதில் சரக்குத் தீர்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் மாலை நான் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது சாமி அறை காலியாக இருந்தது. படங்களையெல்லாம் அவள் ஒவ்வொன்றாகக் கழற்றி, நெஞ்சோடு சேர்த்து அணைத்து, பக்கத்து அறைக்குக் கொண்டுபோய்விட்டாள். விளக்கும் அங்கே போயிருந்தது. எப்படிக் கழற்றினாய் என்று கேட்டேன். "கழட்டினேன்" என்றாள்.

"சாமியை நகர்த்தியாச்சுங்க. இனிமே முன்பக்கம் மாத்தச் சொல்லுங்க."

நம்மாளுக்குப் போன் செய்தேன். "அதுக்கென்ன, செஞ்சிரலாம், சார்" என்றார். மாதங்கள் போயின. பிறகு வெட்கத்தை விழுங்கிக்கொண்டு ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் போன் செய்தேன். சீனருக்கு எங்கள் வீடு ஞாபகம் இருந்தது.

"சாமியை நகர்த்தியாச்சா?"

"ஆச்சு, போஸ். பின்பக்கம் ஒண்ணு மாட்டியிருக்கு, அதை முன்பக்கம் மாத்தணும்."

"நல்லது. யார் மாட்டினது?"

சொன்னேன். மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

"இன்னொருத்தர் மாட்டின சாமானை நான் தொட மாட்டேன். பிரிச்சா ஓடு உடையும், தொட்டி ஒழுகும், அப்புறம் நீ என்னைத் திட்டுவ. தா போலே."

சாமி நகர்ந்துவிட்டது. முன்பக்கக் கூரை முழுக்க வெயில் காய்ந்தது. தொட்டி மட்டும் பின்பக்கம் நிழலில் குந்தியிருந்தது.

தடை உத்தரவை மீறி நான் மறுபடி அடுப்புப் பக்கம் போனேன். இம்முறை பானை இல்லை, ஒரு சின்னப் பாத்திரம். அதில் பாதித் தண்ணீர். இரண்டு கையாலும் பிடித்து, கல்யாணப் பெண்ணைப் போல அடிமேல் அடி வைத்து நடந்தேன். அவள் தடுக்கவில்லை. மூன்றாவது நடையை ஊற்றும்போது முதல் நடை ஆறியிருக்கும். இருந்தாலும் கூரைமேல் இருந்ததைவிடச் சூடு. ஆனால் விரல்கள் அதற்குள் வேறு ஒரு முடிவுக்கு வந்திருந்தன. மருத்துவர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனிமே இளகாது, டீச்சர்" என்றார். வருஷக் கடைசியில் அவள் முன்கூட்டியே ஓய்வு கேட்டாள். கொடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகும் சனிக்கிழமைகள் வந்தன. கடைசியாக அவர் கூட்டி வந்தது செலாயாங்கிலிருந்து ஓர் இளம் தம்பதி. கணவர் மொத்த மார்க்கெட்டில் காய்கறி வியாபாரம். வந்து உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னார்.

"அப்பாவுக்கு விடியக்காலையில இழுப்பு வந்துரும், அங்கிள். பச்சைத் தண்ணி பட்டா ஆகாது. குளிக்காம சாமி கும்பிட மாட்டேன்னு அடம் பிடிக்கிறாரு. அதான் காலையில வெந்நி வேணும்."

காலையில். நம்மாளு கூரையைப் பார்க்கப் பின்பக்கம் போன சமயம் பார்த்து, குரலைத் தாழ்த்தினேன்.

"தம்பி, வேணாம்."

"என்ன அங்கிள்?"

"காலையில வராது. மத்தியானம் மட்டும்தான் வரும். உங்க அப்பாவுக்கு இது ஆகாது. வேற ஆளைப் பாருங்க. முடியாதுன்னு சொல்ற ஆளாப் பாருங்க."

அவர் தன் மனைவியைப் பார்த்தார். அந்தப் பெண் எங்கள் முன்னறையைப் பார்த்தாள். அலமாரியில் இருந்த என் புத்தகங்களை, ஓய்வுபெறும்போது பள்ளியில் கொடுத்த பெரிய சுவர்க்கடிகாரத்தை, எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள். அந்தப் பார்வை எங்கே போய் நிற்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சாலாக் செலாத்தானில் அதே பார்வையைத்தான் நாங்கள் ஒரு சோபாவின் மேல் வைத்துவிட்டு வந்தோம்.

அப்போது பின்னாலிருந்து நம்மாளு கூப்பிட்டார். "தம்பி, இங்க வந்து பாருங்க." குளியலறையில் குழாய் திறந்திருந்தது. ஆவி பறக்க வெந்நீர் கொட்டிக்கொண்டிருந்தது. வருஷத்திலேயே நல்ல வெயில் நாள் அது. கணவர் விரலை நீட்டினார், சுட்டது, இழுத்துக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. பெரிய மனுஷங்க இப்படித்தான் என்கிற மாதிரி ஒரு பெருந்தன்மை இருந்தது.

"சரிங்க அங்கிள். யோசிக்கிறோம்" என்று என்னிடம் சொன்னார். நம்மாளிடம், "எப்ப அண்ணே வர முடியும்?" என்றார்.

"நாளைக்கே செஞ்சிரலாம், தம்பி."

அவர்கள் கிளம்பியபோது என் மனைவி குங்குமச் சிமிழோடு வந்தாள். வந்த பெண்ணை அப்படியே அனுப்புகிற வழக்கம் அவளிடம் இல்லை. அதுவரை முந்தானைக்குள் வைத்திருந்த கைகள் அப்போதுதான் வெளியே வந்தன. குங்குமத்தை எடுக்க விரல்கள் கூடவில்லை. சிமிழை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அப்படியே நீட்டினாள். அந்தப் பெண் தானே எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு அந்தக் கைகளைப் பார்த்தாள். உண்மையாகவே மனம் இளகிப்போனாள்.

"ஐயோ, என்ன ஆன்டி கை இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. வாதம்."

"எங்க அத்தைக்கும் இருந்திச்சு. காலையில எந்திரிச்சதும் வெந்நியில வைங்க, ஆன்டி. நல்லா இளகும்." பின்பக்கக் கூரை இருக்கும் திசையில் தலையை ஆட்டினாள். "உங்களுக்குத்தான் மேலயே இருக்கே."

என் மனைவி அவளைப் பார்த்துச் சிரித்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தப்பான விடையை வெகு தைரியமாகச் சொல்லும்போது சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

"வைக்கிறேம்மா" என்றாள்.

கார் போனது. நம்மாளு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். பழக்கதோஷத்தில் நான் வால்வைப் பற்றிக் கேட்டேன். அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார், நெற்றியைத் தட்டிக்கொண்டார். நான் அதற்குமேல் நிற்கவில்லை. உள்ளே போனேன். குளியலறையில் குழாய் இன்னும் திறந்தே கிடந்தது, வெந்நீர் யாருக்கும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மூடினேன்.